அரிசி டின்னில் கிடந்த மங்குக் கோப்பை

கிள்ளானில் என் பாட்டி வீட்டு அரிசி டின்னுக்குள் ஒரு மங்குக் கோப்பை கிடக்கும். வெள்ளை நிறம், நீல விளிம்பு. பிடிக்கு அருகே பூச்சு பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும். அடியில் இரண்டு இடங்களில் துரு. அதில் மூன்று கோப்பை அரிசி எடுத்தால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சோறு. பிறந்ததிலிருந்து பார்த்து வந்தும் அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியப் பண்பாடு பற்றிய விருப்பப் பாடம் ஒன்றை எடுத்தேன். 1982இல் கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்தே ஜப்பானிய மொழியும் பண்பாடும் நம் மாணவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் பெரும்பாலும் தொழில்நுட்பமும் வேலை ஒழுக்கமும்தான் பேசப்படும். இந்தப் பாடத்திலோ பேசப்பட்டது ஒரு தேநீர்க் கிண்ணம். "உங்கள் வீட்டில் வாபி-சாபி உள்ள ஒரு பொருளைப் படமெடுத்து அதைப் பற்றி எழுதுங்கள்" என்பதுதான் இறுதி இடுபணி. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பாட்டியின் மங்குக் கோப்பை. சுலபமாக முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஓடு செய்தவர் வனைந்த கிண்ணம்

வாபி, சாபி இரண்டும் தனித்தனிச் சொற்கள். வாபி, வருந்துவதையும் வறுமையில் வாடுவதையும் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. சாபி, தனிமையையும் காலம் ஏறிய பழமையையும் குறிக்கும். துன்பத்தைச் சொல்ல வந்த சொற்கள், தேநீர்க் கலையின் வழியாக அழகைச் சொல்லும் சொற்களாக மாறின.

ஒரு காலத்தில் ஜப்பானியப் பிரபுக்கள் தேநீர் விருந்துகளில் சீனாவிலிருந்து வந்த குறையற்ற கலன்களைத்தான் காட்சிக்கு வைத்தார்கள். முராத்தா ஜுக்கோ (1423–1502), தாக்கெனோ ஜோஓ (1502–1555) ஆகியோர் அந்தப் போக்கை மாற்றத் தொடங்கினர். அதை முழுமையாக்கியவர் சாக்காய் நகரத்து வணிகக் குடும்பத்தில் பிறந்த சென் நோ ரிக்யூ (1522–1591). ஆடம்பர மண்டபத்துக்குப் பதில் குடிசை போன்ற சிறு அறை. தந்தப் பொருள்களுக்குப் பதில் மூங்கில் அகப்பை. பளபளக்கும் பீங்கானுக்குப் பதில் கறுப்பு மண் கிண்ணம்.

அந்தக் கிண்ணங்களைச் செய்தவர் சோஜிரோ. கூரை ஓடுகள் செய்துவந்த கைவினைஞர் அவர். சக்கரம் பயன்படுத்தாமல் கையாலேயே மண்ணை எழுப்பிக் கிண்ணம் செய்தார். அதனால் அவை துல்லியமான வட்டமாக இருக்காது. இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கும். சுவர் தடிப்பாக இருப்பதால் சூடு கையைச் சுடாது. தேநீரும் சீக்கிரம் ஆறாது. ராக்கு என்று இன்று உலகெங்கும் அறியப்படும் மட்பாண்ட மரபு இதிலிருந்து தொடங்கியதுதான். அழகுக்காகக் கோணலாக்கினார்கள் என்று நினைத்திருந்தேன். பிடிக்கவும் குடிக்கவும் ஏற்றதாகச் செய்ததில் வந்த அழகு அது என்று பிறகுதான் புரிந்தது.

ஓடு செய்தவர் என்றதும் எனக்கு பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வந்தது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைகள் போயின. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தபோது, கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகள் அமைத்த இடமே பிரிக்பீல்ட்ஸ். ஊரின் பெயரிலேயே மண் இருக்கிறது. இன்று அங்கே நமக்குத் தெரிவது பூமாலைக் கடைகளும் புடவைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும்தான்.

தைப்பொங்கல் நெருங்கும்போது மட்டும் மண் மீண்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு வரும். கடை வாசல்களில் பொங்கல் பானைகள் அடுக்கப்படும். கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் இன்றும் நம் குயவர் குடும்பங்கள் பானையும் அகல்விளக்கும் செய்கின்றன. மின்மினிப் பூச்சிகளைப் பார்க்க அங்கே போகும் பலர் பானைச் சூளையைப் பார்க்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். அம்மா பானை வாங்கும் விதத்தை இந்த முறை கவனித்தேன். வடிவத்தை அவர் பெரிதாகப் பார்ப்பதில்லை. விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். ஓசை கணீரென்று இருந்தால் வாங்குவார். மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் என்று வைத்துவிடுவார். ரிக்யூவைப் பற்றி அம்மா கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பானையைப் பயனை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்.

பெயரில்லாதவர்களின் கலை

இந்தப் 'பயனின் அழகை' ஒரு கொள்கையாகவே எழுதியவர் யானகி முனெயோஷி (1889–1961). அருங்காட்சியகக் கலைஞர்களை விட்டுவிட்டு, ஊர்ப்புறத்தில் அன்றாடப் புழக்கத்துக்காகத் தட்டும் சாடியும் துணியும் செய்தவர்களை அவர் தேடிப் போனார். மக்கள் கைவினை என்ற பொருளில் 'மிங்கெய்' என்ற சொல்லை 1925இல் தம் நண்பர்களோடு உருவாக்கினார். 1936இல் தோக்கியோவில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற தேநீர்க் கிண்ணங்களில் ஒன்று கியோத்தோவின் தைத்தோக்குஜி வளாகத்தில் உள்ள கிசாயெமோன் இதோ. தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. ஐந்து பெட்டிகளுக்குள் வைக்கப்பட்டிருந்த அதை நேரில் பார்த்த யானகி, இது கொரியாவில் ஏழைகள் பயன்படுத்திய சாதாரணக் கிண்ணம்தான் என்று எழுதினார். அதன் அழகே அதுதான் என்றும் சொன்னார். அதைச் செய்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

இந்த எண்ணம் இந்தியாவுக்கும் வந்தது. 1919இல் ஜப்பானுக்குப் போன குர்சரண் சிங், யானகியையும் அவருடைய நண்பர்களையும் சந்தித்துத் திரும்பி, டில்லியில் நீல மட்பாண்டக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ் மண்ணுக்கு அது வந்த வழி இன்னும் சுவையானது. ஜப்பானின் பிசென் ஊரில் மட்பாண்டம் பயின்ற டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினார். உள்ளூர்த் தமிழர்கள் அங்கே வேலை கற்றார்கள். பின்னர் புதுச்சேரி வட்டாரத்தில் பல கூடங்கள் முளைக்க அது காரணமானது. இன்று புதுச்சேரிக் கோப்பை என்று விரும்பி வாங்கப்படும் சுட்டமண் கோப்பைகளுக்குள் பிசென் ஊரின் சாயல் கொஞ்சம் இருக்கிறது.

இவ்வளவும் படித்து முடித்து, குறிப்பெடுத்து, கைப்பேசியோடு கிள்ளானுக்குப் போனேன்.

"அது வீட்டுக் கோப்பை இல்ல"

கோப்பையைக் கழுவி, சன்னல் வெளிச்சத்தில் ஒரு பழைய பலகைமேல் வைத்தேன். பாட்டி பார்த்துச் சிரித்தார்.

"அதைப் போய்ப் படம் எடுக்கிறியே கண்ணு. பேரு வெட்டின டம்ளரு எத்தனை இருக்கு. அதுல ஒண்ணை எடு."

"இல்ல பாட்டி, இதுதான் அழகு. பழசா, அடிபட்டு, புழங்கின மாதிரி இருக்கு. ஜப்பான்ல இதைத்தான் பெருசா மதிப்பாங்க."

ஜப்பான் என்றதும் பாட்டியின் முகம் சுருங்கியது. அவருடைய பெரியப்பா சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராதவர். நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பல இப்படி ஒருவரை இழந்தவை. ஆனால் பாட்டி அதைப் பற்றிப் பேசவில்லை. கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அது வீட்டுக் கோப்பை இல்ல" என்றார்.

பிறகு சொன்னார். 1960களில் திருமணமாகி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தபோது, இந்தக் கோப்பை வீட்டின் பின்வாசலுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கியதாம்.

"வாய்க்காலும் கக்கூஸும் கழுவ ஒருத்தர் வருவாரு. அவருக்குன்னு வச்ச கோப்பை. அவரே எடுத்துக் கழுவி நீட்டுவாரு. நான் மேலேர்ந்து தேத்தண்ணி ஊத்துவேன், சொம்பு கோப்பையில படாம. குடிச்சிட்டு அவரே கழுவி மாட்டிட்டுப் போவாரு. என் மாமியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் அப்படித்தான் செஞ்சேன்."

"அவரு பேரு என்ன பாட்டி?"

பாட்டி யோசித்தார். "தெரியலையே கண்ணு. ஆறேழு வருஷம் ஊத்தியிருக்கேன். கேட்டதே இல்ல."

தோட்டம் விற்கப்பட்டு எல்லாரும் வெளியேறியபோது, அந்த மனிதர் எப்போதோ வேறு ஊருக்குப் போயிருந்தார். கோப்பை மட்டும் ஆணியிலேயே இருந்தது. மாமியாரும் அப்போது உயிரோடு இல்லை. தூக்கிப் போட மனமில்லாமல் பாட்டி அதைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்து அரிசிக்குள் போட்டார். ஏன் அரிசிக்குள் என்று கேட்டேன். "அளவு சரியா இருந்துச்சு" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அடுப்படிக்குள் நுழைய அனுமதிக்கப்படாத ஒரு கோப்பை, நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சோற்றை அளந்திருக்கிறது.

நான் எடுத்த படம் கைப்பேசியில் அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரே கிண்ணம், பல உதடுகள்

மறுபடியும் குறிப்புகளைப் புரட்டினேன். முதலில் படித்தபோது வேகமாகக் கடந்துபோன இரண்டு செய்திகள் இப்போது கண்ணில் பட்டன.

ஒன்று, வாசல். ரிக்யூவின் தேநீர் அறைக்குள் விருந்தினர் நுழையும் வாசலின் பெயர் நிஜிரிகுச்சி. ஏறக்குறைய இரண்டடி உயரம்தான். பிரபுவானாலும் வணிகரானாலும் குனிந்து, முழந்தாளிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாமுராய் தன் வாளை வெளியே வைத்துவிட வேண்டும். ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் தை-ஆன் அறை இன்றும் கியோத்தோ அருகே இருக்கிறது. விருந்து நடக்கும் இடம் இரண்டே பாய் அளவு. அவ்வளவு சிறிய இடத்தில் மேலிடம், கீழிடம் பார்க்க வழியில்லை.

இன்னொன்று, கோய்ச்சா எனப்படும் கெட்டித் தேநீர். பச்சைத் தேயிலைத் தூளைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, ஒரே கிண்ணத்தில் தருவார்கள். முதல் விருந்தினர் சில மிடறு குடித்து, விளிம்பைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் குடித்து மூன்றாமவரிடம் கொடுப்பார். எல்லார் உதடும் ஒரே கிண்ணத்தில்.

நம் வளர்ப்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். "தூக்கிக் குடி, எச்சில் பண்ணாதே" என்று கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? எச்சில் என்பதில் சுகாதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே எண்ணம், யாருடைய எச்சில் என்ற கேள்வியோடு சேர்ந்தபோது வேறொன்றாக மாறியது. தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் சாதிக்கு ஒரு குவளை என்று இருந்த இரட்டைக் குவளை முறை அதுதான். சில இடங்களில் குவளைகூட இல்லை, தேங்காய்ச் சிரட்டைதான். தீண்டாமையை ஒழிப்பதாக 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் அந்த இரண்டாவது குவளை இருந்ததை ஆய்வாளர்களும் இயக்கத்தினரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர்கள் இதை ஊரிலேயே விட்டுவிட்டு வரவில்லை. 1929இன் இறுதியில் பெரியார் இங்கே வந்து பேசியபோது, சாதி அவர் பேச்சின் மையமாக இருந்ததற்கு அதுவே காரணம். இருந்தாலும் இங்கே ஒன்று மாறியது. மாமாக் கடையில் தே தாரிக் கேட்டால், லாரி ஓட்டுநருக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே கண்ணாடிக் குவளைதான். கிள்ளானில் ஞாயிறு காலை பாகுத்தே கடைகளுக்குப் போனால், சிறு தேநீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நான்கைந்து முதியவர்கள் உட்கார்ந்து, சின்னக் கோப்பைகளை வெந்நீரில் அலசி மாற்றி மாற்றி ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கலாம். தேநீரை நாம் தினமும் பல இனத்தவரோடு பகிர்ந்து குடிக்கிறோம். மலாயில் 'தே', ஹொக்கியனில் 'தே', தமிழில் தேநீர். கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தில் அந்தத் தேயிலையைப் பறித்தவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள்.

பொதுக் கடையில் மறைந்த வேறுபாடு, வீட்டுப் பின்வாசலில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பானை உயர்த்திப் பிடிப்பதா?

அப்படியானால் ஜப்பான் உயர்ந்தது, நாம் தாழ்ந்தோம் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியாகாது. ரிக்யூ யாருக்குத் தேநீர் கொடுத்தாரோ அந்த ஹிதெயோஷி, தங்கத் தகடு பூசிய தேநீர் அறை ஒன்றையும் வைத்திருந்தார். 1591இல் ரிக்யூவைத் தற்கொலை செய்துகொள்ளும்படி கட்டளையிட்டவரும் அவரே. அடுத்த ஆண்டு தொடங்கிய அவருடைய கொரியப் படையெடுப்பில் கொரியக் குயவர்கள் பலர் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஜப்பானியப் பீங்கான் தொழில் அவர்கள் கையால்தான் வளர்ந்தது.

ஜப்பானிலும் தோல் வேலை, இறந்த விலங்குகளை அகற்றும் வேலை செய்தவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டார்கள். 1871இல் ஓர் அரசாணை அந்தப் பிரிவைச் சட்டப்படி நீக்கியது. மனத்திலிருந்து நீங்க அது போதவில்லை. இரண்டடி வாசல் அவர்களுக்காகத் திறக்கவில்லை. பாட்டியின் பெரியப்பாவைக் கொண்டுபோன ரயில் பாதையும் இதே நாட்டின் படை போட்டதுதான். 415 கிலோமீட்டர் நீளம். 1942–43இல் ஏறத்தாழ ஓர் ஆண்டில் போடப்பட்டது. ஒரு நாட்டின் அழகைப் படிக்கும்போது அதன் கொடுமையை மறக்க வேண்டியதில்லை. கொடுமை இருந்தது என்பதற்காக அந்த அழகு சொல்லித்தரும் பாடத்தைத் தள்ளவும் வேண்டியதில்லை.

நான் எடுத்துக்கொண்ட பாடம் கின்சுகியிலிருந்து வந்தது. உடைந்த கிண்ணத்தை உருஷி என்ற மரப்பால் அரக்கால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் பொன்தூள் தூவும் முறை அது. உருஷி மற்றப் பசைகளைப் போல் காய்ந்து இறுகுவதில்லை. ஈரக் காற்றில்தான் இறுகும். அதற்காக ஜப்பானியர்கள் ஈரப்பதமான பெட்டிக்குள் வைத்து நாள்கணக்கில் காத்திருப்பார்கள். உடைந்த இடம் தெரியக்கூடாது என்பதல்ல நோக்கம். எங்கே உடைந்தது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

பாட்டி சொன்னதை விட்டுவிட்டு, "காலத்தின் அழகு" என்று தலைப்பிட்டுக் கோப்பையின் படத்தை மட்டும் கொடுத்திருந்தால், நான் செய்வது கின்சுகிக்கு நேர் எதிரானது. விரிசலை மறைப்பது. துருவை ரசித்துவிட்டு, அந்தத் துரு ஏறிய ஆணியை மறைப்பது. யானகி பெயர் தெரியாத கைவினைஞர்களைப் போற்றினார். ஆனால் எங்கள் கோப்பையில் குடித்தவருக்கும் பெயரில்லை. அவருக்குப் பெயர் இல்லாமல் போனதில் எந்த அழகும் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எல்லாவற்றையும் எழுதினேன். பாட்டியிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதினேன். "எழுது. நான் செஞ்சதுதானே" என்றார்.

உங்கள் வீட்டில் எத்தனை கோப்பை?

இதை எழுதும்போது ஒன்று உறுத்தியது. பாட்டியைக் கேள்வி கேட்டேனே, நான் என்ன செய்கிறேன்? சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தைப் பழுதுபார்க்க வந்தவருக்கு, பிறந்தநாள் விருந்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தேன். அதே நாள் மாலை வந்த அப்பாவின் நண்பருக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. 'வசதி', 'சுத்தம்' என்றுதான் நினைத்தேன். பாட்டியின் மாமியாரும் அந்தச் சொற்களைத்தான் சொல்லியிருப்பார்.

நண்பர்களே, வாபி-சாபி பற்றிய காணொளிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. பழுப்பு நிறக் கிண்ணங்களைக் கடைத்தொகுதிகளில் வாங்கலாம். அதைவிட முன்பு, உங்கள் வீட்டு அடுப்படியைப் போய்ப் பாருங்கள். பேர் வெட்டிய டம்ளர்களில் யார் பெயர், எந்தத் தேதி இருக்கிறது என்று படியுங்கள். பழைய மங்குக் கோப்பை எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். வேலைக்கு வருபவர்களுக்கு எதில் தண்ணீர் கொடுக்கிறோம் என்று கவனியுங்கள்.

போன சனிக்கிழமை பாட்டி வீட்டு வாசல் கால்வாயில் அடைப்பு எடுக்க ஒரு வங்காளதேச இளைஞர் வந்தார். வேலை முடிந்ததும் பாட்டி தேநீர் கொண்டுவந்தார். தாத்தாவின் பெயர் வெட்டிய டம்ளர். அவர் தயங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"சியாப்பா நாமா?" என்று பாட்டி தம் தோட்டத்து மலாயில் கேட்டார்.

அவர் சொன்னார். பாட்டிக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய், மறுபடியும் கேட்டார்.